பாலஸ்தீனத்தில் ஒரு படம் போடுவதென்றால்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், இஸ்ரேல் பிடித்து வைத்திருக்கும் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில், ஜெனின் அகதி முகாமின் ‘ஃப்ரீடம் தியேட்டர்’ என்ற நாடக அரங்கம் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வழக்கமாக இந்தப் பகுதிக்கு நடிகர் சம்பளம், கூட்டணிக் கணக்கு, முடி உதிர்வதற்கு வைத்தியம் என்றுதான் கேள்விகள் வரும். இந்த முறை வந்த தபாலில் பாதிக்கு மேல் பாலஸ்தீனம். சரி, மற்றவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: சோற்றுக்கே வழியில்லாத இடத்தில் நாடகமும் சினிமாவும் தேவையா? அந்தக் காசில் நாலு பேருக்கு மருந்து வாங்கிக் கொடுக்கலாமே?
– வாசகர், விருதுநகர்

ப: நியாயமான கேள்விதான். ஆனால் மருந்துக்கு வரும் காசு ஒரு பையில் வருகிறது, நாடகத்துக்கு வரும் காசு வேறு பையில் வருகிறது. ஒன்றை நிறுத்தினால் மற்றது கூடிவிடாது. அது கிடக்கட்டும். அர்னா மெர் என்கிற அம்மாவின் கதையைச் சொல்கிறேன், அதற்குப் பிறகும் தோன்றினால் மறுபடி எழுதுங்கள்.

அர்னா யூதப் பெண், 1929-ல் பிறந்தவர். இஸ்ரேல் உருவானபோது பால்மாக் என்கிற யூதப் போராளிப் படையில் இருந்தவர். அப்புறம் சலீபா காமிஸ் என்கிற பாலஸ்தீனக் கம்யூனிஸ்டைக் கல்யாணம் செய்துகொண்டார். 1987 கடைசியில் முதல் இன்டிஃபாதா, அதாவது பாலஸ்தீனர்களின் எழுச்சி, கிளம்பி, மேற்குக் கரைப் பள்ளிக்கூடங்களை இஸ்ரேலிய ராணுவம் மாதக்கணக்கில் இழுத்துப் பூட்டியபோது, பிள்ளைகள் தெருவில் நிற்கிறார்களே என்று பேப்பரும் கலர் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஜெனினுக்குப் போனார். 1993-ல் அவருக்கு ‘மாற்று நோபல்’ என்று சொல்கிற ரைட் லைவ்லிஹூட் விருது கிடைத்தது. அந்தப் பணத்தில் முகாமில் ஒரு வீட்டு மாடியில் சிறுவர் நாடக அரங்கம் எழும்பியது. மாடியைக் கொடுத்தவர் சமீரா சுபைதி, அந்த வீட்டுக்காரம்மா. 1995-ல் அர்னா புற்றுநோயில் போய்விட்டார்.

அர்னாவின் மகன் ஜூலியானோ நடிகர். அம்மாவோடு போய் அந்தப் பொடியன்களுக்கு நடிப்புச் சொல்லிக் கொடுத்தவர், கையில் கேமராவும் இருந்தது. 2002 ஏப்ரலில் ராணுவம் முகாமுக்குள் புகுந்தது. பெரிய சண்டை, முகாமின் நடுப்பகுதியே தரைமட்டம், அரங்கமும் போயிற்று. சமீரா அதற்கு முந்தின மாதமே ராணுவம் நுழைந்தபோது செத்துப்போயிருந்தார். ஜூலியானோ திரும்பிப் போய்த் தன் மாணவர்களைத் தேடினார். பலர் உயிரோடு இல்லை. அவர்களில் ஒருவன் இஸ்ரேலிய நகரம் ஒன்றில் பொதுமக்களைச் சுட்டுக்கொன்று அங்கேயே செத்திருந்தான். பழைய படச்சுருளில் அதே பையன் மேடையில் சிரித்துக்கொண்டிருக்கிறான். இரண்டையும் சேர்த்து 2004-ல் வந்ததுதான் ‘அர்னாவின் குழந்தைகள்’ என்கிற ஆவணப்படம்.

நாடகம் சொல்லிக்கொடுத்து என்ன பிரயோஜனம், கடைசியில் துப்பாக்கியைத்தானே தூக்கினான் என்று நீங்கள் கேட்கலாம். படத்தைப் பார்த்த அன்று நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இதையெல்லாம் நேரில் பார்த்த ஜூலியானோ 2006-ல் ஜெனினுக்கே வந்து அரங்கத்தை மறுபடி தொடங்கினார். கூட நின்றவர் யார் தெரியுமா? சமீராவின் மகன் ஜக்காரியா சுபைதி, அர்னாவின் பழைய மாணவன், முகாமின் ஆயுதக் குழுவுக்குத் தலைவனாக இருந்தவன். நீங்கள் கேட்ட கேள்வியை என்னைவிட அந்த இரண்டு பேரிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

கே: முகாமில் எல்லோரும் கைதட்டி வரவேற்றார்கள் என்பதுபோல் எழுதியிருந்தீர்கள். நம்ப முடியவில்லையே?
– வாசகி, மதுரை

ப: நம்ப வேண்டாம், இடம் பற்றாமல் பாதியை விட்டுவிட்டேன். ஆணும் பெண்ணும் ஒரே மேடையில் ஏறுவது முகாமில் நிறையப் பேருக்குப் பிடிக்கவில்லை. 2009-ல் விலங்குகள் புரட்சி செய்து கடைசியில் பன்றிகளே எஜமானர்களாகிவிடும் அந்தப் பிரபலமான ஆங்கிலக் கதையை நாடகமாகப் போட்டார்கள். மேடையில் பன்றி வேஷம் என்றாலே முகம் சுளிக்கிற ஊர், அதற்கு மேல் கதை குத்துவது சொந்தத் தலைவர்களை. அரங்கத்தின் கதவுக்குத் தீ வைத்தார்கள். 2011 ஏப்ரல் 4-ஆம் தேதி, அரங்கத்துக்குப் பக்கத்திலேயே, முகமூடி போட்ட ஒருவன் ஜூலியானோவைக் காருக்குள் சுட்டுக் கொன்றான். இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை.

மற்றப் பக்கத்துத் தொல்லை தனி. 2023 டிசம்பரில் இஸ்ரேலிய ராணுவம் அரங்கத்துக்குள் புகுந்து சூறையாடியது. கலை இயக்குநர் அகமது தோபாசியைப் பிடித்துப் போய் மறுநாள் விட்டார்கள். பொது மேலாளர் முஸ்தபா ஷேத்தாவை விசாரணையே இல்லாமல் 2025 மார்ச் வரை சிறையில் வைத்திருந்தார்கள். அதற்குள், 2025 ஜனவரியில், முகாமையே காலி செய்துவிட்டார்கள். அரங்கத்துக்காரர்கள் ஜெனின் நகரத்துக்குள் வேறு இடம் பார்த்து வேலையைத் தொடர்கிறார்கள்.

கே: ‘கலாசார மையம்’ என்கிறீர்கள். அங்கே என்னதான் நடக்கும்? நம் ஊர் சபா மாதிரியா, நூலகம் மாதிரியா?
– கல்லூரி மாணவி, திருச்சி

ப: இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். மேற்குக் கரை நகரமான ரமல்லாவில் இருக்கும் கலீல் சகாகினி மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கல் மாளிகை ஒன்றைப் பழுதுபார்த்து 1996-ல் தொடங்கியது. ஓவியக் கண்காட்சி, படம், கவிதை வாசிப்பு, புத்தகப் பேச்சு, குழந்தைகளுக்குப் பயிற்சி எல்லாம் உண்டு. பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் தன் ‘அல் கர்மெல்’ இலக்கிய இதழை அந்த மாளிகையில் உட்கார்ந்துதான் நடத்தினார். 2002-ல் ராணுவம் அந்தக் கட்டடத்தையும் விட்டுவைக்கவில்லை. கதவை உடைத்துப் புகுந்து, கவிஞரின் காகிதங்களை மிதித்துவிட்டுப் போனார்கள்.

சகாகினி யார் என்று சொல்லாமல் போனால் பாவம். ஜெருசலேம்காரர், வாத்தியார். 1909-லேயே அடியும் இல்லாமல் மார்க்கும் இல்லாமல் ஒரு பள்ளிக்கூடம் நடத்திப் பார்த்தவர். தன் விசிட்டிங் கார்டில் பட்டம் பதவி எதுவும் போடாமல் ‘மனிதன், இன்ஷா அல்லாஹ்’ என்று அச்சடித்திருந்தாராம். 1948-ல் இஸ்ரேல் உருவான சண்டையில், கத்தமோன் பகுதியிலிருந்த வீட்டைவிட்டு ஓடும்போது அவரால் புத்தகங்களைத் தூக்க முடியவில்லை. அப்படி வீடு வீடாக விடுபட்ட ஆயிரக்கணக்கான புத்தகங்கள் இன்றும் இஸ்ரேலின் தேசிய நூலகத்தில் ‘கைவிடப்பட்ட சொத்து’ என்ற முத்திரையோடு இருக்கின்றன. புத்தகத்தை இழந்தவர் பெயரில் ஒரு கலாசார மையம், பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

பக்கத்து ஊரான அல் பீரேயில் பாப்புலர் ஆர்ட் சென்டர் என்று ஒன்று, 1987-லிருந்து நடக்கிறது. அங்கே தப்கே நடன வகுப்புதான் பெயர்போனது. தோளோடு தோள் ஒட்டி, கை கோத்து, வரிசையாகத் தரையை ஓங்கி மிதிக்கிற ஆட்டம். மண்கூரை வெடித்தால் அக்கம்பக்கத்தார் எல்லோரும் மேலே ஏறி மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள், அதிலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு. 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தத்ரீஸ் என்கிற பூத்தையல் 2021-லேயே சேர்ந்துவிட்டது. தத்ரீஸ் வகுப்புக்கு வரும் வயதான பெண்கள், ஒரு அங்கியின் மார்புப் பகுதியைப் பார்த்தே இது எந்த ஊர்த் தையல் என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஊர் 1948-லேயே இடிக்கப்பட்டு வரைபடத்தில் இல்லாமல் போயிருக்கலாம், தையல் மட்டும் இருக்கும். அப்புறம் ஹிக்காயே. குளிர்கால ராத்திரிகளில் பாட்டிமார் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லும் கதைகள். ஆண்கள் பக்கத்தில் இருந்து கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று ஒரு காலத்தில் நினைப்பார்களாம். நஷ்டம் அவர்களுக்கு.

கே: கூட்டம் வருமா? டிக்கெட் உண்டா?
– வாசகர், ஈரோடு

ப: கூட்டத்தைவிடச் சாலைதான் பிரச்சினை. ரமல்லாவுக்கும் ஜெருசலேமுக்கும் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் மேற்குக் கரை நடிகர் கிழக்கு ஜெருசலேமில் ஒரு காட்சி நடிக்க இஸ்ரேலின் அனுமதிச் சீட்டு வேண்டும். கிடைக்காவிட்டால் அவருடைய வேஷத்தை வேறொருவர் போட வேண்டும், இல்லாவிட்டால் காட்சி ரத்து. திடீரென்று ஒரு சோதனைச் சாவடியை மூடினால் நாபுலஸிலிருந்து கிளம்பியவர்கள் இடைவேளைக்குக்கூட வந்து சேரமாட்டார்கள். தாமதமாக வருகிறவர்களைத் திட்டுகிற வழக்கம் அங்கே எடுபடாது.

கே: போலீஸ் அனுமதி வாங்க வேண்டுமா? கலைக்கு எதற்குத் தடை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

ப: ஐயா, கிழக்கு ஜெருசலேமில் ‘ஹகவாதி’ என்று ஒரு நாடக அரங்கம். கதைசொல்லி என்று அர்த்தம். எரிந்து கிடந்த நுஸ்ஹா என்ற சினிமா தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்து, கரியைச் சுரண்டி, 1984-ல் பாலஸ்தீன தேசிய அரங்கமாகத் திறந்தார்கள். இங்கே வருஷா வருஷம் குழந்தைகளுக்கான பொம்மலாட்ட விழா. 2013 ஜூனில் விழா ஆரம்பிக்கிற நேரத்தில் இஸ்ரேலின் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் கையெழுத்துப் போட்ட உத்தரவு வந்தது: எட்டு நாள் அரங்கத்தை மூடு. பாலஸ்தீனர்களின் சொந்த அரசான பாலஸ்தீன நிர்வாகத்தின் பணம் இதில் இருக்கிறது, இஸ்ரேலோடு செய்த ஒப்பந்தப்படி ஜெருசலேமில் அவர்கள் எதையும் நடத்தக்கூடாது என்று காரணம். அப்படி ஒரு காசும் வாங்கவில்லை என்றார்கள் அரங்கத்தார். இஸ்ரேலிய நாடகக்காரர்களே கண்டித்தும் பூட்டு திறக்கவில்லை. ஒரு அரசாங்கம் கைப்பொம்மைகளைக் கண்டு எட்டு நாள் கதவைப் பூட்டியதை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அதே பகுதியில் யபூஸ் மையம். அதுவும் பழைய சினிமா தியேட்டர், 1987-லிருந்து பூட்டிக் கிடந்ததைத் திறந்து நடத்துகிறார்கள். 2020 ஜூலையில் அங்கேயும் சோதனை போட்டு, இயக்குநரைக் கைது செய்து, பிறகு விட்டார்கள்.

கே: ஜெனினில் ஜெர்மானியர்கள் கட்டிக்கொடுத்த சினிமா தியேட்டர் என்ன ஆனது? குண்டு போட்டார்களா?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: கட்டிக்கொடுக்கவில்லை, பழுதுபார்த்துக் கொடுத்தார்கள். 2005-ல் அகமது என்ற பன்னிரண்டு வயதுப் பையன் கையில் பொம்மைத் துப்பாக்கியோடு இருந்தபோது ராணுவத்தான் சுட்டுவிட்டான். அவன் அப்பா இஸ்மாயில் கத்தீப், மகனின் உறுப்புகளை இஸ்ரேலியக் குழந்தைகளுக்குத் தானம் செய்தார். அதைப் படமெடுத்த ஜெர்மன் இயக்குநர் மார்க்குஸ் ஃபெட்டர், எடுத்த படத்தை அந்த ஊர்க்காரர்களுக்குக் காட்ட ஒரு தியேட்டர்கூட இல்லையே என்று, முதல் இன்டிஃபாதாவோடு மூடிய பழைய தியேட்டரைத் திறக்கிற வேலையில் இறங்கினார். 2010 ஆகஸ்டில் ஜே ஜே என்று திறந்தார்கள். பிங்க் ஃப்ளாய்டின் ரோஜர் வாட்டர்ஸ் ஒலிக் கருவிகளுக்கு உதவினார்.

அப்புறம் கூட்டம் வரவில்லை. அன்றாடம் நடத்தக் காசில்லை. ‘எதிரியோடு சமாதானம் பேசுகிற தியேட்டர்’ என்று ஒரு கெட்ட பெயர் வேறு. இடத்துக்குச் சொந்தக்காரர்கள் விற்றுவிட்டார்கள், 2016-ல் இடித்துவிட்டார்கள். நீங்கள் நினைத்த மாதிரி குண்டெல்லாம் இல்லை, ரியல் எஸ்டேட்தான். நம் ஊரில் பாதித் தியேட்டர் கல்யாண மண்டபமானது எந்தக் குண்டினால்? வெளியூர்க்காரர்கள் ஆசையாகத் தொடங்கி வைத்துவிட்டுப் போகிற எல்லா இடங்களுக்கும் இந்தக் கதி வருவதைப் பார்க்கிறேன். ஃப்ரீடம் தியேட்டரில் உள்ளூர்ப் பையன்களே மேலாளர், அவர்களே விளக்குப் போடுகிறவர்கள், அது நிற்கிறது.

கே: காஸாவில் சினிமா தியேட்டரே கிடையாதாமே?
– வாசகி, நாகர்கோவில்

ப: இருந்தது. சாமர் தியேட்டர் 1944-ல் வந்தது, பிறகு நஸ்ர், இன்னும் சில. எண்பதுகளின் கடைசியில் இன்டிஃபாதாவோடு எல்லாம் மூடின. தொண்ணூறுகளில் நஸ்ரைத் திறந்து பார்த்தார்கள், 1996-ல் மதத் தீவிரக்காரர்கள் கொளுத்திவிட்டார்கள். பிறகு தியேட்டர் என்பது பெரியவர்கள் சொல்லும் கதையாகிவிட்டது. 2017 ஆகஸ்டில் ஒரே ஒரு ராத்திரி, பாழடைந்த சாமருக்குள் நாற்காலி போட்டு ஒரு படம் காட்டினார்கள். சுமார் 300 பேர் வந்தார்கள். பலருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் தியேட்டர்.

தியேட்டர் இல்லாத இடத்தில் கலாசார மையங்கள்தான் தியேட்டர். சயீத் அல் மிஷால் மையம் ஐந்து மாடி. நாடகம், தப்கே, பிள்ளைகளின் கலைநிகழ்ச்சி எல்லாம் அங்கேதான். 2018 ஆகஸ்ட் 9 அன்று இஸ்ரேலிய விமானங்கள் அதைத் தரைமட்டமாக்கின. ஹமாஸ் அதைப் பயன்படுத்தியது என்றது ராணுவம், இல்லை என்றார்கள் கலைஞர்கள். இடித்த சூட்டோடு இடிபாட்டின் மேலேயே நின்று பாடினார்கள். ரஷாத் ஷவ்வா மையம் இன்னும் பெரியது. 1998 டிசம்பரில் அமெரிக்க அதிபர் கிளின்டன் வந்து பாலஸ்தீனத் தலைவர்கள் முன்னால் பேசியது அந்த மண்டபத்தில்தான். 2023 நவம்பரில் அதுவும் போயிற்று.

2015-ல் செய்த ஒரு காரியம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. முந்தின வருஷச் சண்டையில் நொறுங்கிய, காஸா நகரத்தின் ஷுஜாயியா பகுதியில், இரண்டு பக்கமும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் குவியல்களுக்கு நடுவே, சிவப்புக் கம்பளம் விரித்து மனித உரிமைத் திரைப்பட விழா நடத்தினார்கள். கான்ஸில் நட்சத்திரங்கள் நடப்பார்களே அந்த மாதிரிக் கம்பளம். அதில் நடந்தவர்கள் அந்தத் தெருக்காரர்கள், செருப்புக் காலோடு.

இப்போதைய நிலவரம் வேண்டுமென்றால், காஸாவின் ஷாட்டி அகதி முகாமில் பிறந்த இயக்குநர் ரஷீத் மஷராவி தொகுத்த ‘ஃப்ரம் கிரவுண்ட் ஜீரோ’ பாருங்கள். குண்டுகளுக்கு நடுவே காஸாவின் இளைஞர்கள் எடுத்த 22 குறும்படங்கள். அதில் ஒன்று கழுதை வண்டி ஓட்டுகிற ஒருவரைப் பற்றியது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். இயக்குநரான பெண்ணே கேமரா முன்னால் வந்து, என் அண்ணன் குடும்பத்தில் சாவு விழுந்துவிட்டது, யோசித்து வைத்திருந்த முடிவை என்னால் எடுக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவ்வளவுதான் படம்.

கே: எல்லாம் அழுகைப் படம்தானா? வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்படி ஒன்றும் இல்லையா?
– குடும்பத் தலைவி, சேலம்

ப: எலியா சுலைமான் படங்களைத் தேடுங்கள். நாசரேத்காரர், அதிகம் பேசாமலே சிரிக்க வைப்பார். 2002-ல் கான்ஸ் விழாவில் ஜூரி பரிசு வாங்கிய அவருடைய படத்தில், பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தின் முகம் வரைந்த சிவப்பு பலூன் ஒன்று சோதனைச் சாவடியைத் தாண்டிப் பறக்கும். கீழே சிப்பாய்கள் சுடலாமா வேண்டாமா என்று முழிப்பார்கள். குழந்தைகளுக்கு அரசியல் புரியாது, பலூன் புரியும்.

கே: பாலஸ்தீனர்களின் பழைய படங்கள் ஏன் எங்கேயும் கிடைப்பதில்லை?
– திரைப்படச் சங்க உறுப்பினர், புதுச்சேரி

ப: 1968-ல் ஜோர்டானின் அம்மானில் மூன்று பேர் ஒரு பாலஸ்தீனத் திரைப்படக் குழுவைத் தொடங்கினார்கள்: சுலாஃபா ஜாதல்லா, ஹானி ஜவ்ஹரியா, முஸ்தஃபா அபு அலி. சுலாஃபா கெய்ரோவில் ஒளிப்பதிவு படித்த பெண், அரபு உலகின் முதல் பெண் ஒளிப்பதிவாளர்களில் ஒருவர். பிறகு பெய்ரூத்துக்கு இடம் மாறினார்கள். எடுத்த படங்களை அகதி முகாம்களுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுவதும் அவர்கள் வேலை. ஹானி 1976-ல் லெபனான் மலையில் சண்டையைப் படம் பிடிக்கும்போதே செத்தார். சேர்த்து வைத்த படச்சுருள்கள் 1982-ல் இஸ்ரேல் பெய்ரூத்துக்குள் வந்தபோது காணாமல் போயின. சில பிரதிகள் ரோமில் கிடைத்தன, சில இஸ்ரேலிய ராணுவத்தின் ஆவணக் காப்பகத்தில் இருப்பது பின்னால் தெரிந்தது. மற்றவை எங்கே என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள்.

கே: நம் நாட்டுக்கும் அந்த அரங்கத்துக்கும் தொடர்பு உண்டா? இங்கிருந்து நாங்கள் என்ன செய்யலாம்?
– வாசகர் வட்டம், திண்டுக்கல்

ப: உண்டு. டெல்லியின் ஜன நாட்டிய மஞ்ச் குழுவும் ஃப்ரீடம் தியேட்டர் மாணவர்களும் சேர்ந்து ‘ஹமேஷா சமீதா’ என்று ஒரு தெருநாடகம் செய்தார்கள், 2015 கடைசியில் தொடங்கி இந்திய நகரங்களில் நடந்தது. ஹமேஷா இந்தி, சமீதா அரபி. ‘எப்போதும் அசையாமல் நிற்பவள்’ என்று சொல்லலாம்.

செய்ய நினைத்தால், நவம்பர் 2-ஐக் குறித்து வையுங்கள். பாலஸ்தீனத்தை யூதர்களின் தேசிய இல்லமாக்க ஆதரவு தருகிறோம் என்று பிரிட்டன் 1917-ல் எழுதிக்கொடுத்த பால்ஃபர் கடிதத்தின் தேதி அது. ரமல்லாவின் ஃபிலிம்லேப் 2014 முதல் நடத்திவந்த பாலஸ்தீன சினிமா விழாவை 2023-ல் போரினால் நடத்த முடியாமல் போனபோது, யார் வேண்டுமானாலும் உங்கள் ஊரிலேயே போட்டுக்கொள்ளுங்கள் என்று படங்களைத் திறந்துவிட்டார்கள். அந்த நவம்பர் 2 அன்று உலகத்தில் எத்தனையோ ஊர்களில் வீட்டுக் கூடத்திலும் டீக்கடை மாடியிலும் படம் ஓடியது. ஃபிலிம்லேப்பிடம் பதிவு செய்துகொண்டு, டிக்கெட் வைக்காமல் காட்ட வேண்டும். ஆங்கில வசன வரிகள் கூடவே வரும். தமிழில் வேண்டுமென்றால் யாராவது ஒருவர் முன்கூட்டியே பார்த்து, நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொல்வது போதும், அறுபது எழுபது வயதுக்காரர்கள் அதைத்தான் விரும்புவார்கள். புரொஜெக்டர் வாடகைக்குக் கிடைக்கும், திரைக்கு எட்டு முழ வேட்டி போதும். ஒன்றே ஒன்று: அது நமக்கு ஐப்பசி அடைமழை. மொட்டை மாடியை நம்பி ஊரைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.